ஆண்டு திரும்புமுன் வாங்கிய வண்டி

என் மனைவி இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பகல் உணவின் நடுவே, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் என் மகள், "எனக்கு ஒரு பி.எம்.எக்ஸ் வேணும்ய்யா" என்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்த எட்டு மாதங்களில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. காலணியின் வார் அறுந்தபோது அதில் ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு பல நாள் பள்ளிக்கு நடந்திருக்கிறாள். வகுப்பாசிரியை சொல்லித்தான் அது எனக்குத் தெரியவந்தது. நான் எதைச் சொன்னாலும் "சரிய்யா" என்பாள். சோறு குழைந்துபோன நாளிலும் அதையே சொன்னாள். பின்னிவிட ஆளில்லை என்று அவளுடைய அத்தை வந்து சடையைக் கத்தரித்த நாளிலும் அதையே சொன்னாள். இப்போதுதான் முதன்முறையாக ஒன்றைக் கேட்கிறாள். இதில் நான் தவறினால் இனி அவள் என்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, அதனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்குமுன் மரத்துப்போக ஊசி போட்ட தாடையை நாமே தொட்டுப் பார்ப்பதுண்டு. தொடுகிறோம் என்பது விரலுக்குத் தெரியும், தாடைக்குத் தெரியாது. அந்த ஆண்டு எனக்கு அப்படித்தான் கழிந்தது.

"அது என்ன வண்டி?" என்று கேட்டேன்.

"சின்னச் சைக்கிள்ய்யா. ஆனா பெரியவங்களும் ஓட்டுவாங்க. வீலு இருபது இஞ்சுதான். கியர் கெடையாது, ஸ்டாண்டு கெடையாது, கேரியர் கெடையாது, மட்கார்டு கெடையாது."

"வேற என்னதான் இருக்கும்?"

"பிரேக்கு ஒண்ணு இருக்கும்" என்றாள். பிறகு சற்று எண்ணிப் பார்த்து, "சிலதுல அதுவும் இருக்காது" என்றாள்.

எங்கள் ஊர்க் கண்மாய் மாசி கழிவதற்குள் வற்றிவிடும். சவடு மண் அள்ளிச் சென்றவர்கள் விட்டுப்போன பள்ளங்களும் மேடுகளும் அதன் நடுவே காய்ந்து இறுகிக் கிடக்கும். மாலைவேளைகளில் தெருப் பிள்ளைகள் கரைமீதிருந்து வண்டியோடு பாய்ந்திறங்கி, பள்ளத்தில் தாழ்ந்து, எதிர்மேட்டில் எழும்பி, ஒரு கணம் தரையில் படாமல் நின்று, பின் விழுவார்கள். அவர்களுள் ஒருத்தியிடம் மட்டுமே மெய்யான பி.எம்.எக்ஸ் இருந்தது. மற்றவர்கள் முறைவைத்து அதை இரவல் வாங்கி ஓட்டினர். தன் முறைக்காக என் மகள் கரையில் குந்தியிருப்பதை, பணி முடிந்து திரும்பும்போது பார்த்திருக்கிறேன். முறை வந்தபின் அவள் எப்படி ஓட்டுகிறாள் என்பதை நான் நின்று பார்த்ததில்லை.

ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் இயலாது என்று சொன்னேன். அதற்குள்ளேயே பார்ப்போம் என்றாள். அவளிடம் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. தன் அம்மாவின் கைப்பேசியில் பல வாரங்களாகப் பார்த்துத் தேர்ந்தவற்றை அதில் எழுதிவைத்திருந்தாள்.

அன்று மாலை, அபிராமத்திலிருக்கும் என் அக்காளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? இன்னும் வருசம் திரும்பல. தலைத்திவசம் முடியாம புது வண்டி வாசப்படி ஏறலாமா?"

இறப்பு நேர்ந்த வீட்டில் முதலாண்டுத் திவசம் முடியும்வரை புதிய வண்டி எதையும் வாங்கிப் பொட்டிட்டு உள்ளே கொண்டுவருவதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அதை நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. வேண்டாமென்று அக்கா முடித்திருந்தால் நானும் வேண்டாமென்று மகளிடம் சொல்லியிருப்பேன்.

"புள்ள கேட்டாளாக்கும்?" என்றாள் அக்கா.

"ஆமா."

"அவளா வாயத் தொறந்து கேட்டாளா?"

"ஆமாக்கா."

மறுமுனையில் மூக்குறிஞ்சும் ஒலி கேட்டது. பிறகு வழியையும் அவளே கண்டாள். "அப்பப் பழசா வாங்கு. பழசுன்னா அது வேற வீட்டு வண்டி. நம்ம வீட்டுல வந்து நிக்குது, அம்புட்டுத்தான். பொட்டு வைக்காத. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காத. ஆடியில திவசத்த முடிச்சுப்புட்டுப் பழத்த வச்சு ஏத்தி நம்ம வண்டியா ஆக்கிக்கிருவோம்."

என் தோளருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் கைப்பேசிக்குள் குனிந்து, "அப்ப ஆடி வரைக்கும் அது யாரு வண்டி அத்தை?" என்றாள்.

"யாரு வண்டியோ! ஒனக்கென்னடி, ஓட்டுறத ஓட்டு. கேரியர் வச்சதாப் பாத்து வாங்கச் சொல்லு ஒங்கய்யாவ. கேரியர் இல்லாத சைக்கிள் மூக்கில்லாத மூஞ்சி கணக்கா இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை இராமநாதபுரம் சென்றோம். புதியவற்றின் விலையைத் தெரிந்துகொண்டால் பழையதற்குப் பேசுவது எளிது என்று மகள் சொன்னாள். பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த மிதிவண்டிக் கடையில், உரிமையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது இஞ்சா? என்ன சார், அது மூணாப்புப் புள்ளைக்குல்ல? பாப்பாவுக்கு இருபத்தாறு போடுங்க. வளர்ற புள்ள."

"பி.எம்.எக்ஸ்னா இருபதுதான் அண்ணே" என்றாள் மகள். "ஒங்க வயசுக்காரங்க ஓட்டுனாலும் இருபதுதான்."

"எங்க வயசுக்காரன் அதுல ஏறுனா நேரா ஆஸ்பத்திரிலதாம்மா போயி எறங்குவான்."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதறிந்து நானும் சிரித்தேன்.

அங்கே இருபது அங்குல வண்டிகள் சில இருந்தன. அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்து உடனே இறக்கிவைத்தாள். "சரியான கனம். மேட்டுல எந்திரிக்காது. பி.எம்.எக்ஸ்னு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கு" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். மெய்யானது வேண்டுமென்றால் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும், நான் சொன்ன தொகையைப் போல் இரு மடங்காகும் என்றார் கடைக்காரர். பழையதென்றால் மண்டபத்தில் ஒருவர் இருக்கிறார், வேலை மாற்றலாகிப் போகும் வடநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளின் வண்டிகளை அவரிடந்தான் தள்ளிவிட்டுப் போகும் என்று அவரே வழியும் சொன்னார்.

மண்டபம் செல்லும் பேருந்தில் அவள் தாளை விரித்து வைத்துக்கொண்டு வந்தாள். வளர்கிற பிள்ளை என்ற அந்தச் சொல் மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. என் மனைவி மகளுக்கென்று வாங்கிய யாவும் ஓரளவு பெரியவை. பாவாடையின் அடியில் மூன்று மடிப்பு மடித்துத் தைப்பாள். ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரித்துவிடுவாள். செருப்பின் முனையில் பஞ்சு அடைப்பாள். எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்வதுதான் அது. அவள் இருந்தால் எப்படி வாங்குவாளோ அப்படி வாங்கினால் பிழை நேராது என்று நினைத்தேன். நானாக நினைப்பதற்கு அப்போது என்னிடம் வேறொன்றும் இல்லை.

மண்டபத்துக் கடை, சாலையோரத்துத் தகரக் கொட்டகை. பழுதுபார்ப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். கைக்குழந்தையாகப் படகில் வந்து, அங்குள்ள அகதி முகாமிலேயே வளர்ந்தவர். பெற்றோரின் பேச்சு அவர் நாவில் மாறாதிருந்தது.

"வாங்கோ அண்ணை. சைக்கிள் பிள்ளைக்கோ?"

"பி.எம்.எக்ஸ் இருக்கா?" என்று மகள் முந்திக்கொண்டாள்.

"ஒண்டு கிடக்கு. ஆனா வாற சனமெல்லாம் அதைப் பாத்திட்டு, கேரியர் எங்க, ஸ்டாண்ட் எங்க எண்டு கேட்டுட்டுப் போயிடுவினம்."

கொட்டகையின் பின்னாலிருந்து அதை எடுத்துவந்தார். கறுப்பு வண்டி, வண்ணம் பல இடங்களில் உதிர்ந்திருந்தது. அவள் அதைக் கவிழ்த்துப் போட்டாள். சக்கரத்தைச் சுழலவிட்டு அச்சருகே காதை வைத்துக் கேட்டாள். குழாய்கள் கூடும் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினாள். கடற்காற்றில் இரும்பு வெளியே மின்னிக்கொண்டே உள்ளே அரிபட்டுப்போகும். அவள் கீழே கிடந்த ஆணியொன்றை எடுத்து அடிக்குழாயைச் சுரண்டினாள். துரு மேலோடு நின்றிருந்தது. பின்னர் வண்டியை நிமிர்த்தி, ஏறி, இருக்கையில் அமராமல் இரு மிதிகளிலும் நின்றுகொண்டு கொட்டகை முன்னே இருமுறை சுற்றினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்திருந்தது. நான் அதைக் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருக்கையை உயர்த்திப் பார்க்கச் சொன்னேன். அது அசையவில்லை. உப்புக் காற்றில் இருக்கையின் தண்டு, அது இறங்கும் குழாயோடு ஒன்றாய்க் கடித்து இறுகிவிட்டது என்றார் அவர்.

"அப்ப அடுத்த வருசம் எப்பிடி ஓட்டுவா?" என்றேன். "வளர்ற புள்ள."

"உக்காரவே மாட்டேன்ய்யா. நின்னுக்கிட்டுத்தான் ஓட்டணும். சீட்டு கீழ இருந்தாத்தான் நல்லது."

"உக்காராம ஓட்டுற வண்டிக்குச் சீட்டு எதுக்கு?"

"அது சும்மா ஒரு மரியாதைக்கு அண்ணை" என்றார் அவர்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கோ, பழுதான பொருளை அறிந்தே வாங்குவதுபோல் இருந்தது. சுவரோரம் நீலநிற வண்டி ஒன்று சாய்ந்திருந்தது. இருபத்துநான்கு அங்குலச் சக்கரம். நன்றாக உயரும் இருக்கை. மணி, நிறுத்துதண்டு, பின்னால் அகலமான கேரியர். விலையும் ஏறத்தாழ அதேதான். அதைக் காட்டி, "இத எடுத்துக்கிருவோம். காலேசு போற வரைக்கும் ஓட்டலாம். பின்னால யாரையாச்சும் ஏத்திக்கிட்டும் போகலாம்" என்றேன்.

"யார?" என்றாள்.

வீட்டில் நாங்கள் இருவர்தாம். அவள் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"சரிய்யா."

பழுதுபார்ப்பவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளை கறுப்பைத்தானே..." என்று தொடங்கி, நான் பணத்தை நீட்டியதும் நிறுத்திவிட்டார்.

பேருந்தில் வண்டியை ஏற்ற மாட்டார்கள். மண்டபத்து மீன் கம்பெனிகளில் மீனை இறக்கிவிட்டு வெறுமையாக இராமநாதபுரம் திரும்பும் மீன் வண்டிகளில் ஒன்றை மறிப்பதற்காகச் சாலையோரம் நின்றோம். நான் ஓர் அடி தள்ளி நின்றேன். அவள் நீல வண்டியின் கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள்.

"ஸ்டாண்டு போட்டு நிப்பாட்டேன்" என்றேன்.

"இருக்கட்டும்ய்யா."

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள், இறந்தவரை நீராட்டத் தண்ணீர் எடுத்துவரப் பெண்கள் புறப்பட்டபோது, யாரோ அவள் கையில் ஒரு செம்பைக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபின் அதை எங்கே வைப்பது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் ஆண்களோடு புறப்பட்டுப் போய், எல்லாம் முடிந்து வீடு வந்தபோதும் அவள் அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். இப்போது கைப்பிடியை அப்படித்தான் பிடித்திருந்தாள்.

மீன் வண்டி ஒன்று வந்தது. நான் கை காட்டவில்லை. அது கடந்து போயிற்று.

"ஏன்ய்யா, நிப்பாட்டலையா?"

"திரும்பிப் போவோம். கறுப்பையே எடுத்துக்கிருவோம்."

"எதுக்கு? இதும் நல்லாத்தான் இருக்கு."

"ஒனக்கு எது வேணும்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, சாலையில் போவோர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "அதான் மொதல்லயே சொன்னேன்ல! இருபது இஞ்சுன்னு சொன்னேன். கேரியர் வேணாம்னு சொன்னேன். எழுதியே வச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல. அம்மாவா இருந்தா..."

அங்கே நின்றுவிட்டாள்.

"அம்மாவா இருந்தா?" என்று கேட்டேன்.

"அம்மாவும் பெருசாத்தான் வாங்கியிருக்கும்" என்றாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அதுகூடச் சண்ட போட்டு மாத்தியிருப்பேன்."

"என்கூடப் போட வேண்டியதுதான?"

"எப்பிடிப் போட? நீங்கதான் சண்டைக்கே வர மாட்டேங்குறீகளே."

அவள் சொன்னது உண்மை. மறுக்கவும் தோன்றவில்லை, வருந்தவும் தோன்றவில்லை. வண்டியை அவளிடமிருந்து வாங்கித் திருப்பினேன். அதன் கேரியர் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

கொட்டகையை அடைந்தபோது, பழுதுபார்ப்பவர் கறுப்பு வண்டியைக் கிடத்தி, தண்டின்மேல் டீசலை ஊற்றி, நீண்ட குழாயொன்றை மாட்டி நெம்பிக்கொண்டிருந்தார். நான் குறை சொன்னதால், அடுத்து வருகிறவராவது வாங்கட்டும் என்று பழுதை நீக்க முற்பட்டிருக்கிறார்.

"அண்ணே, விடுங்க! விடுங்க! அது அப்பிடியே இருக்கட்டும்!" என்று மகள் ஓடினாள்.

அவர் குழாயைக் கீழே போட்டார். "நல்ல காலம் வந்தீங்கள். இன்னும் ஒரு இழுவை இழுத்திருந்தா முறிஞ்சிருக்கும்."

மாற்றிக்கொள்வதற்கு அவர் ஒன்றும் மறுக்கவில்லை. விலையில் குறைந்த சிறு தொகைக்கு ஈடாக, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் இடையே அணையாக வைத்துக் கொடுத்தார். கருவேல முள் நிறைந்த கண்மாய்களில் அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. அவர் செய்வதை மகள் அருகில் குந்தியிருந்து பார்த்தாள். இரண்டாம் சக்கரத்துக்குத் தானே வெட்டுவேன் என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். கோணலாக வெட்டினாள். அவர் அதையே வைத்துப் பூட்டினார்.

மீன் வண்டியின் பின்பக்கத்தில், ஈரம் காயாத பலகைமேல், வண்டியைப் படுக்கவைத்து அதன் இருபுறமும் உட்கார்ந்து வந்தோம். உச்சிப்புளி கடக்கும்போது அவள் தூங்கிப்போனாள். ஒரு கை சக்கரக் கம்பிகளுக்கிடையே கிடந்தது.

இராமநாதபுரத்தில் ஆட்டோவுக்கு மாறி, வீட்டு வாசலில் வண்டியை இறக்கியதும் அக்காளின் அழைப்பு வந்தது. காணொளியில் வண்டியைக் காட்டச் சொன்னாள். காட்டினோம்.

"அடியே, என்னடி இது? பாதிதான் இருக்கு. மிச்சத்த எங்க?"

"முழுசும் இதுதான் அத்தை."

"கேரியர்?"

"இல்ல."

"என்னத்தப் பாத்து வாங்குனான் ஒங்கய்யா?"

"எங்க வாங்குனாரு? யாரு வண்டியோ, வந்து நிக்குது" என்றாள் மகள்.

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். பொட்டு வைக்கவில்லையே என்று என்னிடம் இருமுறை கேட்டுக்கொண்டாள். வைக்கவில்லை என்றேன். முற்றத்துச் சுவரில் வண்டியைச் சாய்த்து வைத்தோம்.

மறுநாள் மாலை கண்மாய்க்குச் சென்றேன். வரும்படி அவள் அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் நாலைந்து பேர் கரைமீது வரிசையாக நின்றிருந்தனர். புழுதி மேலெழுந்து இறங்காமல் நின்றது. நன்றாகத் தெரியட்டும் என்று கரையிலிருந்து இறங்கி, எதிர்மேட்டை ஒட்டிய இடத்தில் நின்றேன். அவள் முறை வந்தது. ஒரு காலை மிதியிலும் ஒரு காலைத் தரையிலும் ஊன்றியவள், கீழே பார்த்துப் புருவத்தை நெரித்தாள்.

"அய்யா! அங்கன நிக்காதீக!"

நகர்ந்தேன்.

"இன்னும் தள்ளி! அதான் நான் வந்து எறங்குற எடம்!"

மூன்றடி விலகினேன்.

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! இங்கிட்டுன்னு சொல்றேன்ல!"

பிள்ளைகள் சிரித்தனர். அவள் கைகாட்டிய பக்கம் சென்றேன். அதுவும் போதாது என்று தலையை ஆட்டினாள். பின்னோக்கி நடந்து, கருவேலமரத்துக்கு அடியில் போய் நின்றேன். முள் ஒன்று தோளில் குத்தியது. அதை எடுத்துப் போட்டேன்.

"ம், அங்கனயே நில்லுங்க. அசையாதீக" என்று கத்திவிட்டு, அவள் தரையிலிருந்த காலை எடுத்தாள்.